குண்டின் வழியை அளந்தவர்

நுழையும்முன்

ஒரு கருவியை வார்ப்பதற்கு முன்பே, அது களத்தில் எவ்வாறு இயங்கும், எத்தகைய உழைப்பை அதனிடம் எதிர்பார்ப்பர் என்று கணித்தறிவது இன்றைய பொறியியலின் முதற்படி. போர் வானூர்தியின் எந்திரத்தை வரைவோர், அந்த வானூர்தி பறக்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே இக்கணிப்பில் ஈடுபடுகின்றனர். இந்த ஆய்வு முறைக்கு வித்திட்டவர்களுள் ஒருவர், தம் இறுதி நாள்களைக் கடலூரில் கழித்து அங்கேயே மறைந்தார். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

குண்டு விழுந்த எல்லை

கெடிலம் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், கடலூரை ஒட்டி அமைந்துள்ளது தேவனாம்பட்டினம். அங்கிருந்த கோட்டையை 1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்திய நிறுவனத்தார், செஞ்சியை ஆண்ட மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். விலை கோட்டைக்கு மட்டும் பேசப்படவில்லை. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தொலைவு செல்லுமோ, அவ்வளவு தொலைவுக்கு உட்பட்ட நிலமும் கோட்டையைச் சேரும் என்பது உடன்பாடு. நெடுந்தொலைவு சுடவல்ல பித்தளைப் பீரங்கியும் அதைக் கையாளத் தேர்ந்த வீரனும் சென்னையிலிருந்து வந்தனர். சுற்றிலும் குண்டுகள் பாய்ந்தன. அவை விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் அனைத்தும் நிறுவனத்தின் உடைமையாயின. அவ்வூர்களில் ஏர் பிடித்தவர்களையும் உப்பு விளைவித்தவர்களையும் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. அவற்றைக் குண்டு கிராமங்கள் என மக்கள் அழைக்கலாயினர். குண்டு உப்பலவாடி என இன்றும் வழங்கும் ஊர்ப்பெயர் அந்நிகழ்ச்சியின் எச்சம் என்பர்.

அந்தக் குண்டு ஏன் அவ்வளவு தொலைவில் விழுந்தது என்று அன்று கேட்டிருந்தால், சுட்ட வீரனுக்கு விடை தெரிந்திராது. ஐரோப்பாவின் பெரும் கணித அறிஞர்களாலும் சரியான விடையைச் சொல்லியிருக்க இயலாது. அதற்கு விடை கண்டவர், அறுபது ஆண்டுகள் கழித்து அதே கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ்.

போரை மறுத்த குடியில் பிறந்தவர்

இங்கிலாந்தின் பாத் நகரில் 1707ஆம் ஆண்டில் ராபின்ஸ் பிறந்தார். பெற்றோர் எளிய நிலையினர். குவேக்கர் சமயக் குழுவைச் சேர்ந்தவர்கள். போரையும் படைக்கலத்தையும் அறவே மறுப்பது அக்குழுவினரின் கொள்கை. அக்குடியில் பிறந்த ஒருவர் பீரங்கியைப் பற்றிய முதல் அறிவியல் நூலை எழுதினார் என்பது வியப்பைத் தரலாம். ராபின்ஸ் இளமையிலேயே குவேக்கர்களின் நடையுடை வழக்கங்களைக் கைவிட்டார். ஆனால், ஒன்றை நேரில் சோதித்துப் பாராமல் ஏற்பதில்லை என்னும் உறுதி இறுதிவரை அவரிடம் நிலைத்திருந்தது.

பல்கலைக்கழகக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. கணிதத்தில் அவர் காட்டிய திறமையைக் கண்ட நண்பர்கள் அவரை இலண்டனுக்கு அனுப்பினர். நியூட்டனின் நூல்களைத் தாமே கற்றுத் தேர்ந்தார். 1727இல், இருபது வயதில், இராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டே பெர்னூலி என்னும் பேரறிஞரின் இயக்கக் கருத்துகளை மறுத்து எழுதினார். இளைஞருக்கு இத்துணைத் துணிவு வேண்டுமா என்று சிலர் முகஞ்சுளித்திருக்கலாம், அவர் பொருட்படுத்தவில்லை. கணிதம் கற்பித்து வாழ்க்கையை நடத்தினார். பாலம், துறைமுகம், கோட்டை ஆகியவற்றின் கட்டுமானத்தைக் கற்றறிந்தார்.

குழலும் ஓர் எந்திரமே

எறியப்பட்ட பொருள் பரவளையப் பாதையில் செல்லும் என்று கலிலியோ நிறுவியிருந்தார். காற்று இல்லாத இடத்திற்கு அது முற்றிலும் பொருந்தும். பீரங்கி வீரர்களுக்கான அட்டவணைகளோ காற்றைப் பெரிதும் மறந்தே வகுக்கப்பட்டிருந்தன. கனத்த இரும்புக் குண்டை மெல்லிய காற்று என்ன செய்துவிடும் என்பதே அன்றைய எண்ணம். களத்தில் குண்டுகள் அட்டவணைக்கு அடங்கவில்லை. பிழை வெடிமருந்திலா, வீரனின் கையிலா, கணக்கிலா என்று எவருக்கும் விளங்கவில்லை.

ராபின்ஸ் குண்டின் பின்னால் ஓடாமல், முதலில் குழலுக்குள் பார்த்தார். வெடிமருந்து எரிந்தால் வெப்பமான வளி உண்டாகிறது. அவ்வளி விரிந்து குண்டைத் தள்ளுகிறது. குண்டு முன்னேற முன்னேற வளியின் அழுத்தம் குறைகிறது. உருளைக்குள் வளி விரிந்து உந்துதண்டைத் தள்ளும் எந்திரத்தில் நிகழ்வதும் இதுவே. எந்திரத்தில் உந்துதண்டு திரும்பி வரும். துப்பாக்கியில் குண்டு திரும்புவதில்லை. வேறுபாடு அவ்வளவே.

குறிப்பிட்ட அளவு மருந்தை எரித்து, அதிலிருந்து வெளிப்படும் வளியை அளந்தார். அது மருந்தின் பருமனைப்போல் ஏறத்தாழ 244 மடங்கு இருந்தது. எரியும்போது உண்டாகும் வெப்பத்தால் அதன் அழுத்தம் மேலும் நான்கு மடங்கு பெருகும் எனக் கண்டு, தொடக்க அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்கு என்று கொண்டார். விசைக்கும் தொலைவுக்கும் வரையப்படும் வளைகோட்டின் கீழுள்ள பரப்பைக் கொண்டு வேகத்தைக் கண்டறியலாம் என்று நியூட்டன் காட்டியிருந்தார். அதைப் பயன்படுத்தி, குழலின் நீளம், மருந்தின் அளவு, குண்டின் எடை ஆகிய மூன்றும் தெரிந்தால் குண்டு எவ்வேகத்தில் வெளிவரும் என்பதைத் தாளிலேயே கணித்தார். ஆயிரம் மடங்கு என்பது குறைவான மதிப்பு என்று பிற்காலத்தார் கண்டனர். ஆயினும், சுடுவதற்கு முன்பே வேகத்தைச் சொல்லும் வழி அன்று முதன்முறையாகத் திறந்தது.

ஊசல் சொன்ன உண்மை

கணிப்பு சரியா என்று எப்படி அறிவது? ஒரு நொடியில் ஆயிரம் அடிக்கு மேல் பாயும் குண்டைக் கண்ணால் தொடர இயலாது. நொடியைத் துல்லியமாகப் பகுக்கும் கடிகாரமும் அன்று இல்லை. ராபின்ஸ் கண்ட வழி மிக எளியது. சுமார் 56 பவுண்டு எடையுள்ள ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் முகப்பில் தடித்த மரப்பலகையைப் பொருத்தினார். ஊசலின் அடியில் ஒரு நாடா கட்டப்பட்டிருந்தது. குண்டு பலகையில் புதைந்ததும் ஊசல் பின்னோக்கி ஆடியது. எவ்வளவு நாடா இழுபட்டதோ அதுவே ஊசல் ஆடிய அளவு. மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் மாறாது என்பதை நீங்கள் இயற்பியலில் பயில்கிறீர்கள். அதன்படி, ஊசலின் மெல்லிய அசைவிலிருந்து குண்டின் கடுவேகத்தை அவர் கணக்கிட்டார். நொடிக்கு ஏறத்தாழ 1,700 அடி என்று விடை வந்தது. தாளில் கணித்ததும் ஊசல் காட்டியதும் நெருங்கி நின்றன.

பின்னர் அதே ஊசலைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டார். ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடையுள்ள ஈயக் குண்டு, 25 அடித் தொலைவில் நொடிக்கு 1,670 அடி வேகத்தில் சென்றது. 75 அடியில் அவ்வேகம் 1,550ஆகக் குறைந்தது. 125 அடியில் 1,425. நூறு அடி கடப்பதற்குள் 245 அடி வேகம் கரைந்துவிட்டது. கணக்கிட்டுப் பார்த்தால், காற்று அக்குண்டை அதன் எடையைப்போல் 120 மடங்கு விசையுடன் எதிர்த்திருக்கிறது. மெல்லிய காற்று என்று அதுவரை சொல்லி வந்தவர்கள் வாயடைத்துப் போயினர். காற்றே இல்லையெனில் அக்குண்டு ஏறத்தாழ 17 மைல் செல்ல வேண்டும். உண்மையில் அது ஒரு மைலைக்கூட எட்டுவதில்லை.

ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றுத்தடை திடீரெனப் பெருகுவதையும் அவர் குறித்து வைத்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், ஒலியை விஞ்ச முயன்ற வானூர்திகளை அலைக்கழித்த தடை இதுவே.

வளைந்த துப்பாக்கி

நேராகச் சுட்ட குண்டு ஏன் ஒருபுறம் ஒதுங்குகிறது என்பது அடுத்த புதிர். குழலின் உட்புறத்தில் உரசி உருண்டு வெளிவரும் குண்டு சுழல்கிறது. அச்சுழற்சியால் காற்று அதை ஒருபக்கம் தள்ளுகிறது என்பது ராபின்சின் கருத்து. கருத்தை நிறுவ அவர் செய்த சோதனை விந்தையானது. துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்புறமாக வளைத்தார். இடப்புறம் வளைந்த குழலிலிருந்து குண்டு இடப்புறம்தானே செல்ல வேண்டும்? ஆனால், வளைவில் குண்டு குழலின் வலச்சுவரை ஒட்டி உருளும்; எனவே சிறிது தொலைவு இடமாகச் சென்றபின் அது வலப்புறம் திரும்பும் என்று அவர் முன்கூட்டியே சொன்னார். வழியில் மெல்லிய தாள் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டார். திரைகளில் விழுந்த துளைகள் அவர் சொன்னபடியே இடமிருந்து வலமாக நகர்ந்திருந்தன.

இவ்விளைவு இன்று மேக்னசின் பெயரால் வழங்குகிறது. அந்த ஜெர்மானிய அறிஞர் இதனை ஆராய்ந்தது 1852ஆம் ஆண்டில். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டவரின் பெயர் நிலைக்காமற் போனது அறிவியல் வரலாற்றில் நிகழும் பல அநீதிகளுள் ஒன்று.

இக்கண்டுபிடிப்புகளைத் தொகுத்து, பீரங்கியியலின் புதிய கொள்கைகள் என்னும் பொருள்பட்ட தலைப்பில் 1742இல் நூலாக வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் உல்விச்சில் படைத்துறைக் கழகம் தொடங்கப்பட்டிருந்தது. அங்குப் பேராசிரியர் பதவியை அவர் எதிர்பார்த்தார். ஆட்சியாளரைக் கண்டித்து அரசியல் சிறுநூல்கள் எழுதியவருக்கு அது கிட்டவில்லை. நூலோ கடல் கடந்து சென்றது. ஆய்லர் அதனை 1745இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து, மூலத்தைவிடப் பன்மடங்கு நீண்ட விளக்கத்தையும் சேர்த்தார். முன்பு தம் நூலைக் கடுமையாகத் திறனாய்ந்தவரின் நூல் அது என்பது ஆய்லருக்கு நன்கு தெரியும். ஆயினும் அதன் சிறப்பை அவர் மறைக்கவில்லை. குண்டின் சுழற்சி பற்றிய கருத்தை மட்டும் ஆய்லர் ஏற்க மறுத்தார். அதில் பிழைபட்டவர் ஆய்லரே.

1746இல் ராபின்சுக்கு இராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் வழங்கப்பட்டது. அக்காலத்தில் அவர் உருவாக்கிய மற்றொரு கருவி சுழல்கை. நிமிர்ந்த தண்டில் பொருத்திய நீண்ட கையின் நுனியில் பொருள்களை மாட்டி, கயிற்றில் தொங்கும் எடையால் கையைச் சுழற்றி, அவை காற்றில் சந்திக்கும் தடையை ஒப்பிட்டார். ஒரே பரப்புடைய பொருள்களும் காற்றை எதிர்கொள்ளும் வடிவத்திற்கு ஏற்ப வெவ்வேறு தடையைப் பெறுவதைக் கண்டார். பிற்காலத்தில் பறக்கும் எந்திரத்தைக் கனவு கண்ட கெய்லியும் லாங்லியும் தம் சோதனைகளைச் சுழல்கையைக் கொண்டே நடத்தினர். காற்றுச்சுரங்கம் தோன்றும் வரையில் வானூர்தி ஆய்வுக்கு அதுவே துணை.

பயன்பாட்டிலிருந்து வடிவம்

ராபின்சின் ஆய்வுகளில் 1747இல் அவர் ஆங்கிலக் கடற்படைக்கு முன்வைத்த கருத்துரையே எனக்கு மிகவும் சிறந்ததாகத் தோன்றுகிறது. கப்பற்பீரங்கியை எவ்வளவு தடிப்பாக வார்க்க வேண்டும்? மிகுந்த மருந்தைத் திணித்தாலும் வெடித்துவிடாத அளவுக்கு என்பதே அதுவரை பின்பற்றிய விடை. ராபின்ஸ் கேள்வியையே மாற்றினார். கடற்போரில் பீரங்கி உண்மையில் எவ்வாறு பயன்படுகிறது? கப்பல்கள் ஒன்றையொன்று நெருங்கியே பொருதுகின்றன. அவ்வளவு அருகில் நெடுந்தொலைவு பாயும் வேகம் தேவையில்லை. மருந்தைக் குறைக்கலாம், மருந்து குறைந்தால் குழலின் எடையைக் குறைக்கலாம், மிச்சப்படும் எடைக்கு ஈடாகப் பெரிய குண்டைச் சுடும் பீரங்கியை அதே கப்பலில் ஏற்றலாம். முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஸ்காட்லாந்தின் கேரன் வார்ப்பாலையில் உருவான கேரனேடு என்னும் குறும்பீரங்கி இவ்வழியில் எழுந்ததே.

போர் வானூர்தி எந்திரத்தை இன்று வரைவோர் எழுப்பும் முதற்கேள்வியும் இதுவே. ஓர் எந்திரம் எத்தனை மணிநேரம் ஓடும் என்பது மட்டும் தெரிந்தால் போதாது. கடலூரிலிருந்து சிதம்பரத்திற்கு நில்லாமல் செல்லும் பேருந்தையும், நிறுத்தந்தோறும் நின்று செல்லும் நகரப் பேருந்தையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒரே தொலைவு ஓடியிருந்தாலும் அவற்றின் தேய்மானம் ஒன்றாகாது. அதுபோல, பயணிகள் வானூர்தி ஒரே சீராக நெடுநேரம் பறக்கும். போர் வானூர்தியின் விமானியோ ஒரே பறப்பில் எந்திரத்தின் விசையைப் பலமுறை உச்சத்திற்கு ஏற்றி இறக்குவார். ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் சுழலித் தட்டும் அலகுகளும் வெப்பத்தால் விரிந்து சுருங்குகின்றன. இவ்வாறு நிகழ நிகழ உலோகம் களைப்படைந்து, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வளர்கின்றன. எந்திரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பவை இவ்வேற்ற இறக்கங்களே.

இடர்ப்பாடு என்னவெனில், எந்திரத்தை வரையத் தொடங்கும் காலத்தில் அதனைச் சுமக்கப்போகும் வானூர்தியே பிறந்திருப்பதில்லை. பழைய வானூர்திகளின் பறப்புப் பதிவுகளையும், புதியது ஏற்கவிருக்கும் பணிகளையும் கொண்டு அதன் உழைப்பைக் கணிக்க வேண்டும். மிகுத்துக் கணித்தால் எந்திரம் வீணாகக் கனக்கும். குறைத்துக் கணித்தால் அலகு முறியும், விமானியின் உயிர் போகும். பெங்களூரில் காவிரியின் பெயரைத் தாங்கி உருவான எந்திரமாயினும், வேறெந்த நாட்டு எந்திரமாயினும், வரைவு தொடங்குவது இக்கணிப்பில்தான்.

கடலூரில் ஓராண்டு

சோழமண்டலக் கடற்கரை அன்று ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதும் களமாயிருந்தது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையே ஆங்கிலேயரின் தலைமையிடமானது. 1749 ஏப்ரலில் வீசிய பெரும்புயலில் நாமூர், பெம்புரோக் என்னும் இரு போர்க்கப்பல்கள் இக்கடற்கரையருகே மூழ்கி, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதே ஆண்டில் சிதம்பரத்திற்குத் தெற்கே, கொள்ளிடம் கடலோடு கலக்குமிடத்தில் உள்ள தேவிக்கோட்டையை ஆங்கிலேயர் தாக்கிக் கைப்பற்றினர். சென்னையும் அவர்களிடம் திரும்பி வந்தது. ஆனால், கோட்டைச் சுவர்கள் பிரெஞ்சுப் பீரங்கிகளைத் தாங்கும் நிலையில் இல்லை. அவற்றைச் சீரமைக்கக் கிழக்கிந்திய நிறுவனம் ராபின்சைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தியது.

1749ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். உடன் வந்தவர்களுள் ஜான் கால் என்னும் பதினெட்டு வயது இளைஞரும் ஒருவர். வானியல் கருவிகளையும் எடுத்துக்கொண்டார். புதிய நாட்டின் வானத்தை ஆராயும் ஆவலும் அவருக்கு இருந்தது. வழியில் கப்பல் மூழ்கும் நிலைக்கு ஆளாகித் தப்பியது. 1750 ஜூலையில் புனித டேவிட் கோட்டையை அடைந்தார்.

வந்தவுடன் பணியைத் தொடங்கிவிட்டார். எதிரியின் பீரங்கி எங்கே நிற்கும், அதன் குண்டு எக்கோணத்தில் வரும், எந்தச் சுவர் எவ்வளவு தாங்கும் என்றெல்லாம் கணித்துத் தேவனாம்பட்டினத்திற்கும் சென்னைக்கும் முழுமையான கோட்டை வரைபடங்களை வகுத்தார். செப்டம்பரில் காய்ச்சல் கண்டது. தேறினார், ஆனால் பழைய வலிமை திரும்பவில்லை. இந்நாட்டு வெப்பம் அவருடைய மெலிந்த உடலுக்கு ஒவ்வவில்லை. உடல் நாளுக்கு நாள் நலிந்தபோதும் வரைபடங்களைத் திருத்துவதையும் அறிக்கைகள் எழுதுவதையும் அவர் நிறுத்தவில்லை. 1751 ஜூலை 29ஆம் நாள் உயிர்நீத்தார். நிறுவனத்துக்கு அனுப்பவேண்டிய அறிக்கையை எழுதிக்கொண்டிருந்த நிலையில், கையில் எழுதுகோலுடனேயே இறந்தார் என்பர். அப்போது அவருக்கு வயது 44. வரைந்த கோட்டைகளில் ஒன்றுகூட எழும்பியிருக்கவில்லை.

அவர் ஆய்வு எவருக்குப் பயன்பட்டது என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை. குண்டு விழுந்த எல்லையைத் தன் நிலம் என்று கொண்ட நிறுவனத்தின் ஊதியத்தில்தான் அவர் பணிபுரிந்தார். அந்நிறுவனம் பின்னர் நாட்டையே கைக்கொண்டது. ஊசல் எவர் பக்கமும் சாய்ந்து ஆடுவதில்லை. அதை ஆட்டும் துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தது.

அவருக்குப் பின்

ராபின்சின் பணியை இளைஞர் ஜான் கால் ஏற்றார். 1758 ஜூன் மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி லாலி புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றி இடித்துத் தகர்த்தார். அவ்வாண்டின் இறுதியில் சென்னையையும் முற்றுகையிட்டார். அங்கோ புதிய அரண்கள் எழும்பியிருந்தன; முற்றுகை இரண்டு மாதம் நீடித்தும் கோட்டை விழவில்லை. பொறியாளராக அம்முற்றுகையைத் தாங்கியவர்களுள் காலும் ஒருவர்.

1781இல், சிதம்பரம் கோயிலின் உயர்ந்த மதில்களுக்குள் நிலைகொண்டிருந்த ஐதர் அலியின் படையினரை ஆங்கிலத் தளபதி கூட் தாக்கித் தோற்றுத் திரும்பினார். பீரங்கிக் கணக்கு முழுதும் கைவரப்பெற்றவர்களையும் ஒரு கோயில் மதில் தடுத்து நிறுத்தியது. சில நாள்களில் பரங்கிப்பேட்டையில் நிகழ்ந்த பெரும்போரில் ஐதரின் படை பின்வாங்க நேர்ந்தது.

ராபின்சின் கட்டுரைகளை அவருடைய நண்பர் வில்சன் 1761இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். துப்பாக்கிக் குழலின் உட்புறம் சுருள்வரி வெட்டினால் குண்டு தன் அச்சில் சுழன்று நேராகச் செல்லும் என்றும், அக்கலையில் முதலில் தேரும் நாடு பிறரை விஞ்சும் என்றும் அவர் எழுதியது அதில் உள்ளது. ஐரோப்பியப் படைகள் அதனை முழுமையாகக் கடைப்பிடிக்க மேலும் நூறு ஆண்டுகள் ஆயின.

தேவனாம்பட்டினத்தில் கெடிலக் கரையோரம் அக்கோட்டையின் சிதைவுகள் எஞ்சியுள்ளன. சிறிது தொலைவில் வெள்ளிக் கடற்கரை. மாலைவேளைகளில் அங்குச் சிறுவர்கள் மட்டைப்பந்து ஆடுகின்றனர். சுழற்றி எறியப்பட்ட பந்து கடற்காற்றில் சற்றே வளைந்து மட்டைக்காரனை ஏமாற்றுகிறது.